ஆறு சென்ட் முக்கோணமும் ஒரு முப்பது மீட்டர் டேப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டேப்பைப் பற்றிய விமர்சனம்தான். ஆனால் டேப்பை மட்டும் தனியாக எடுத்து "பட்டை நன்றாக இருக்கிறது, கைப்பிடி சுமார்" என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதை வாங்குவதற்கு முன்னால் கைபேசிச் செயலி, இரவல் லேசர் மீட்டர், பெரியப்பாவின் மனக்கணக்கு என்று எல்லாவற்றிலும் விழுந்து எழுந்துதான் இதற்கு வந்தேன். அதனால் எல்லாமே இதில் வரும். மனை முக்கோணமாக இருப்பவர்கள், நாற்கரமாக இருந்தும் நாலு மூலையும் கோணலாக இருப்பவர்கள் படிக்கலாம்.

எங்கள் ஊர் டெல்டா பக்கம். பாகப்பிரிவினையில் எனக்கு வந்த துண்டு, ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் சித்தப்பா தோப்பு. ரோடும் வாய்க்காலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் சுத்தமான முக்கோணம். பட்டா இன்னும் கூட்டாகத்தான் இருக்கிறது, உட்பிரிவு ஆகவில்லை. அதனால் என் துண்டு மட்டும் எவ்வளவு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. பெரியப்பா சொன்னது "ஒன்பதே முக்கால் சென்ட்டுப்பா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்க". அந்தக் கணக்கில் இன்னொரு இடத்தில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சரி, அளந்துதான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.

முதலில் கைபேசிச் செயலி. இலவசம், பெயர் வேண்டாம், இதே மாதிரி ஐம்பது இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான். எல்லையை ஒரு சுற்று நடந்தால் பரப்பைச் சதுர அடியிலும் சென்ட்டிலும் காட்டும். பார்க்க ஜோராக இருந்தது. முதல் சுற்றில் 7.1 சென்ட். சந்தேகப்பட்டு இன்னொரு சுற்று நடந்தேன், 5.4. மதியம் வெயில் தாழ்ந்தபின் மூன்றாவது தடவை, 6.8. நான் நடந்த தடம் என்னவோ ஒன்றுதான், என் செருப்புத் தடமே மண்ணில் சாட்சி. செயற்கைக்கோள் படத்தில் மூலைகளைத் தொட்டுக் குறிக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் வாய்க்கால் மூலையில் மூன்று தென்னை மரம், மேலிருந்து பார்த்தால் மட்டைதான் தெரிகிறது, மூலை தெரியவில்லை.

செயலியை நான் திட்டவில்லை. திறந்த வெளியிலேயே சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் மூன்று, நாலு, ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம், மரத்தடியில் இன்னும் மோசம். மூன்று மீட்டர் என்றால் பத்தடி. என் ரோட்டுப் பக்கம் 112 அடி. எதிர் மூலையை அந்தச் செயலி பத்தடி உள்ளேயோ வெளியேயோ போட்டால் 112 × 10 ÷ 2, அதாவது 560 சதுர அடி கூடும் அல்லது குறையும். ஒன்றேகால் சென்ட்டுக்கு மேல்! இதே பத்தடிப் பிழை ஐந்து ஏக்கர் வயலில் ஒரு பக்கம் முழுக்க வந்தாலும் ஐநூறு சென்ட்டில் பத்துப் பதினொன்றுதான் போகும். அறுவடை மெஷின்காரருக்கு எத்தனை ஏக்கர் என்று சொல்ல, மருந்து அடிக்க எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, செயலி தாராளமாகப் போதும். வீட்டு மனைக்கு வேண்டாம்.

அடுத்தது லேசர் மீட்டர். அத்தான் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்கிறார், அவரிடம் இரவல். வீட்டுக்குள் அது ஒரு அற்புதம், சுவருக்குச் சுவர் ஒரு நொடியில் மில்லிமீட்டர் கணக்காகச் சொல்கிறது. வெளியே பகல் பதினொரு மணிக்கு அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முனையில் ஒருவரை அட்டை பிடித்து நிற்கச் சொல்லி, அட்டையில் புள்ளி விழுந்ததா என்று கத்திக் கத்திக் கேட்டு, தொண்டை போனதுதான் மிச்சம். சாயங்காலம் செய்திருக்கலாம். அதற்குள் பொறுமை போய்விட்டது.

அப்புறம்தான் டவுனில் ஹார்டுவேர் கடைக்குப் போய் முப்பது மீட்டர் ஃபைபர் டேப் வாங்கினேன். ஐநூறு ரூபாய்க்குள். மஞ்சள் பட்டை, ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி, திறந்த சட்டத்தில் சுற்றி எடுக்கும் கைப்பிடி. மூடின வட்டப் பெட்டியில் வருவதை வாங்காதீர்கள், மண் உள்ளே போனால் வெளியே வராது, சுற்றும்போது கரகரவென்று பட்டையைத் தேய்க்கும். திறந்த சட்டம் என்றால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சுற்றலாம். இரும்புப் பட்டை துல்லியம் கூடுதல்தான், ஆனால் வாய்க்கால் ஈரத்தில் துரு, ஒரு தடவை மடங்கினால் அவ்வளவுதான்.

குறைகள். ஒன்று, சைபர் எங்கே தொடங்குகிறது என்பது. சில டேப்பில் வளையத்தின் வெளி நுனிதான் சைபர், சிலதில் பட்டை ஆரம்பிக்கும் கோடு. வாங்கின அன்றைக்கே வீட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள், கடைக்காரரைக் கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்பார். இரண்டு, ஓங்கி இழுத்தால் ஃபைபர் நீளும். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்தான், ஒரே பக்கத்தை இரண்டு தடவை அளந்ததில் ஓர் அங்குலம் வித்தியாசம். தொய்வு போகிற அளவுக்கு இழுத்தால் போதும்டா என்றேன். "தொய்ஞ்சா கணக்கு தப்பாயிடாதா மாமா" என்றான். நானும் அப்படித்தான் பயந்தேன், ஆனால் 87 அடிப் பக்கத்தில் டேப் நடுவில் ஓர் அடி தொங்கினாலும் அளவு அரை அங்குலம்கூட ஏறாது. மூன்று, அடிப் பக்கத்தில் அங்குலத்தைப் படித்துவிட்டுக் கணக்கில் போடும்போது வரும் பிழை. 86 அடி 9 அங்குலத்தை 86.9 என்று தட்டுவார்கள். அது 86.75. இதில் டேப்பின் குற்றம் ஒன்றும் இல்லை, நம்முடையதுதான். முடிந்தால் மீட்டர் பக்கத்திலேயே படித்து, கடைசியில் சதுர மீட்டரை 40.47-ஆல் வகுத்துச் சென்ட் ஆக்கிக்கொள்ளுங்கள். நான் பழக்கதோஷத்தில் அடியிலேயே போனேன், நல்லவேளை மூன்று பக்கமும் கிட்டத்தட்ட முழு அடியாக அமைந்தது.

முப்பது மீட்டர் என்றால் 98 அடி சொச்சம்தான், என் ரோட்டுப் பக்கமோ 112. நடுவில் ஒரு முளை அடித்து இரண்டு வீச்சாக அளந்தோம். ஐம்பது மீட்டர் டேப் வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது, ஆனால் முளை ஓர் அடி விலகி நின்றாலே மொத்தத்தில் கால் அங்குலம்தான் தப்பு வரும், இரண்டு முனையிலும் ஆள் நின்று நேர்கோடு பார்த்துச் சொன்னால் அதுவும் வராது. முப்பதே போதும்.

சரி, அளவு: ரோடு 112, தோப்புப் பக்கம் 87, வாய்க்கால் பக்கம் 64. கோணம் எதையும் அளக்கவில்லை. அளக்கவும் வேண்டாம், மூன்று பக்கம் முடிவானால் முக்கோணம் அசையாது. இதுதான் டேப்புக்கு இருக்கிற பெரிய பலம், முக்கோண மனையில் வேறு எந்தக் கருவியும் தேவைப்படாததற்குக் காரணமும் இதுதான். நாற்கரத்துக்கு இது பொருந்தாது. நாலு குச்சியை ஆணியில் கோத்துப் பாருங்கள், பக்கம் மாறாமலே சதுரம் சாய்ந்து சப்பட்டையாகும், பரப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் நாற்கர மனையில் ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் இழுத்தே ஆக வேண்டும், இழுத்துவிட்டால் இரண்டு முக்கோணம், வேலை முடிந்தது. சர்வே ஆபீஸ் புலப்பட நகலைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு ஓடும், அதுவும் இதே சங்கதிதான், வயலை முக்கோணங்களாக உடைத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய நகல்களில் அளவு லிங்க்கில் இருக்கும், 66 அடிச் சங்கிலிக்கு நூறு லிங்க். ஒரு சென்ட் என்பது சரியாக ஆயிரம் சதுர லிங்க். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்ற அந்த அசிங்கமான எண் நம் தலையில் விழுந்த கதை இதுதான்.

கணக்கை அக்கா மகனே போட்டான். ஒன்பதாம் வகுப்பு அளவியலில் ஹெரான் சூத்திரம் அவனுக்கு அப்போதுதான் நடந்திருந்தது, பரீட்சைக்கு வெளியே அது எதற்காவது உதவும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போல, முகத்தில் ஒரு சந்தோஷம். மூன்றையும் கூட்டினால் சுற்றளவு 263. பாதி 131.5. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 19.5, 44.5, 67.5. இந்த நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2775 சதுர அடி. சென்ட்டில் 6.37. பெரியப்பா பாஷையில் சொன்னால், பன்னிரண்டடிக் கோலுக்கு 144 சதுர அடி ஒரு குழி என்று வைத்து, பத்தொன்பது குழி சொச்சம்.

ஒன்பதே முக்கால் எங்கே, ஆறேகாலும் சொச்சமும் எங்கே.

பெரியப்பா ஏமாற்றவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். அவர் போட்ட கணக்கை அவரே நோட்டில் எழுதிக் காட்டினார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதி, இரண்டு பாதியையும் பெருக்கு. ஊரில் எல்லாரும் போடுவதுதான். முக்கோணத்துக்கு நாலாவது பக்கம் கிடையாதே, அதைச் சைபர் என்று வைத்துக்கொள்வார். 112-ம் சைபரும் சேர்ந்து பாதி 56. 87-ம் 64-ம் சேர்ந்து பாதி 75.5. பெருக்கினால் 4228 சதுர அடி, 9.7 சென்ட். "சரியாத்தானே இருக்கு?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல், சைபரை ரோட்டுப் பக்கத்துக்கு எதிரே வைப்பதற்குப் பதில் தோப்புப் பக்கத்துக்கு எதிரே வைத்துப் போடச் சொன்னேன். 3828 வந்தது, 8.8 சென்ட். வாய்க்காலுக்கு எதிரே வைத்தால் 3184, 7.3 சென்ட். ஒரே நிலம், ஒரே டேப் அளவு, மூன்று விடை, மூன்றும் நிஜத்தைவிடக் கூடுதல். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு மூன்றையும் பார்த்தார்.

அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும், இந்த வழி லேசுப்பட்டதல்ல. கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய நூலிலேயே இந்தச் சராசரிக் கணக்கு இருக்கிறது. ஆனால் அங்கேயே அவர் இது தோராயம் என்று சொல்லிவிட்டு, அடுத்தபடியாக அரைச் சுற்றளவிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதைத் துல்லியமான வழியாகச் சொல்கிறார். முக்கோணத்தில் அது ஹெரான் சூத்திரமேதான். நாற்கரத்திலோ நாலு மூலையும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால்தான் சரிவரும், வயலில் அதை எதிர்பார்க்க முடியாது. ஹெரான் அலெக்சாண்டிரியாக்காரர், முதலாம் நூற்றாண்டு. அவர் நூலில் இந்தச் சூத்திரத்துக்குப் போட்ட உதாரணக் கணக்கு 7, 8, 9 பக்கமுள்ள முக்கோணம், 720-இன் வர்க்கமூலம் வரும். அந்த நூலே தொலைந்துபோய் 1896-இல்தான் இஸ்தான்புல்லில் ஒரு கையெழுத்துப் பிரதியாகத் திரும்பக் கிடைத்தது. எங்கள் ஊருக்குப் பிரம்மகுப்தரின் முதல் வரி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, இரண்டாவது வரி வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பக்கங்களைப் போட்டால் விடை தரும் இணையதளங்களும் நிறைய இருக்கின்றன, ஒன்றில் போட்டுச் சரிபார்த்தேன். விடை சரி. ஆனால் ஒரு தடவை 64-க்குப் பதில் 6.4 என்று தட்டிவிட்டேன், அது "NaN" (எண் அல்ல) என்று ஏதோ மூன்றெழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. இரண்டு பக்கம் சேர்ந்தும் மூன்றாவதை எட்டவில்லை, 87-ம் 6.4-ம் சேர்ந்து 93.4, ரோடு 112, அப்படி ஒரு முக்கோணமே இருக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கணக்குத் தெரியாதவர்தானே அதைத் தேடி வருகிறார். இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் கொடுத்தால் சில சமயம் இரண்டு முக்கோணம் அமையும், அதைத் தளம் ஒழுங்காக இரண்டாகவே காட்டியது, அதற்கு ஒரு பாராட்டு. பல கைபேசிகளில் கணிப்பானைப் படுக்கைவாக்கில் திருப்பினால் வர்க்கமூலப் பொத்தான் வந்துவிடும், தளமே தேவையில்லை.

கணக்கை மட்டும் நம்ப மனசு வராதவர்கள் இதைச் செய்து பாருங்கள், டேப்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ரோட்டுப் பக்கம் முழுக்க ஒரு நூல் கட்டினோம். டேப்பின் சைபரை எதிர் மூலைக் கல்லில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நூலுக்கு மேல் மெதுவாக இடவலமாக நகர்த்தினால் அளவு குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்று மறுபடி ஏறும். அந்தக் குறைந்தபட்ச அளவுதான் செங்குத்து உயரம். மூலை மட்டம் வேண்டாம், கோணமானி வேண்டாம். 49 அடி 6 அங்குலம் வந்தது. 112 × 49.5 ÷ 2 = 2772. சூத்திரம் சொன்னதுக்கும் இதுக்கும் மூன்று சதுர அடி வித்தியாசம். பையன் குதித்தான்.

வேலி போட வந்த கொத்தனார் தோப்பும் வாய்க்காலும் சேரும் மூலையைப் பார்த்துவிட்டு "இது மூலை மட்டம்தாங்க, 87-ஐயும் 64-ஐயும் பெருக்கிப் பாதி போட்டுடுங்க" என்றார். 2784 வருகிறது, அவர் கண்ணும் சும்மா இல்லை. ஆனால் அந்த மூலை சரியான செங்கோணம் இல்லை. அவர் முறையிலேயே ஒரு பக்கம் ஆறடி, ஒரு பக்கம் எட்டடி குறித்துக் குறுக்கே பிடித்தோம், சரியான மட்டமாக இருந்தால் பத்தடி வர வேண்டும், பத்தடி நாலரை அங்குலம் வந்தது. கோணம் தொண்ணூறைத் தாண்டி நாலரை டிகிரி விரிந்திருக்கிறது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது, டேப் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. 112-ஐ ஓர் அடி கூட்டி 113 என்று போட்டுப் பார்த்தேன், பரப்பு 2770 ஆனது. பக்கத்தைக் கூட்டினால் பரப்பு ஐந்து சதுர அடி குறைகிறது! 64-ஐ 65 ஆக்கினால் 46 சதுர அடி ஏறுகிறது. நீளப் பக்கத்தை மூன்று தடவை அளந்துவிட்டுக் குட்டிப் பக்கத்தை அவசரமாக முடிக்கிறோமே, தலைகீழாக இருக்கிறது கதை. எதிரே இருக்கும் கோணம் செங்கோணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தின் சிறு பிழை பரப்பை அசைக்காது. குட்டிப் பக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். வாய்க்கால் கரையில் சேற்றில் நின்றுகொண்டு அளக்க யாருக்கும் பிடிக்காது, ஆனால் அங்கேதான் இரண்டு தடவை அளக்க வேண்டும். நாங்களும் திரும்பப் போய் அளந்தோம்.

சுற்றளவு வேலிக்கு உதவியது. எட்டடிக்கு ஒரு கல்லுக்கால். கடைக்காரர் 263-ஐ எட்டால் வகுத்து 33 என்றார், பிறகு வழக்கம்போல ஒன்று கூட்டி 34 எழுதினார். நேர்வேலிக்கு ஒன்று கூட்டுவது சரி. சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே முடியும் வேலிக்கு இடைவெளி எத்தனையோ கால் அத்தனைதான். பக்கவாரியாகப் பார்த்தாலும் 14, 11, 8, மொத்தம் 33. மூலைக்கு இரண்டு முட்டுக்கால் வீதம் ஆறு தனி. ஒரு காலின் விலை மிச்சம் என்பதைவிட, அதை ஏற்றி இறக்கும் கூலி மிச்சம்.

கடைசியில் ஒரு தனியார் சர்வேயரையும் கூப்பிட்டேன், தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கொண்டுவந்தார். உட்பிரிவுக்கு இதெல்லாம் செல்லாது, அதற்கு மனு போட்டு அரசு சர்வேயர்தான் வந்து அளந்து கல் காட்ட வேண்டும், டேப் அளவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். இவரைக் கூப்பிட்டது எங்கள் வீட்டுச் சமாதானத்துக்கு. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு 2769 சதுர அடி என்றார். எங்களுக்கும் அவருக்கும் ஆறு சதுர அடி, ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை. அவர் வாங்கின கூலியில் இதே டேப் ஏழெட்டு வாங்கலாம், ஆனால் அவர் சொன்னபிறகுதான் சித்தப்பா தலையாட்டினார், எனவே அந்தக் காசும் வீண் இல்லை. பெரியப்பாவும் ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தார், நானும் சரி என்றேன்.

டேப்புக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது அடிப் பக்கத்து எழுத்துக்காக, இரண்டே மாதத்தில் தொடக்கத்து நாலைந்து அடி எண்கள் மங்கிவிட்டன. செயலிக்கு வயல் என்றால் மூன்று, மனை என்றால் ஒன்று.

டேப் இப்போது என்னிடம் இல்லை. பெரியப்பா வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது, தென்னந்தோப்பை அளக்கிறாராம். நேற்று போனில் நாலு பக்கத்து அளவும் சொன்னார். குறுக்கே ஒரு தடவை இழுத்துட்டுச் சொல்லுங்க பெரியப்பா என்றேன்.